ஒரே தீவுக்காரர்

ஒஸ்லோவில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் நான் வேலை செய்தபோது, ஹெயிட்டிப் பெண் ஒருத்தி என்னோடு காய்கறி வெட்டினாள். என்னைவிட மூத்தவள் என்பதால் அக்கா என்று கூப்பிட்டேன். பிறகு டொமினிக்கன் குடியரசிலிருந்து இளம்பெண் ஒருத்தி வந்து சேர்ந்தாள். எங்கள் மேலாளர், நல்ல மனசுள்ள நோர்வேக்காரி, இருவரையும் ஒரே மேசையில் நிறுத்தினாள்.

“ரெண்டு பேரும் ஒரே தீவுதானே. நல்லா ஒத்துப்போவீங்கள்.”

தீவு ஒன்றுதான். மேற்கில் பிரெஞ்சுக்காரரின் அடிமைகள் கிளர்ந்தெழுந்து, எசமானர்களை விரட்டி அமைத்த நாடு ஹெயிட்டி. கிழக்கே ஸ்பானிய மொழி பேசும் டொமினிக்கன் நாடு. எல்லையின் வடக்கு முனையில் ஓர் ஆறு ஓடுகிறது. இதையெல்லாம் அக்காதான் எனக்குச் சொன்னாள்.

ஒருநாள் மீன் சூப். மேலே தூவுவதற்குப் பெர்சில்லே இருந்தது. கொத்தமல்லி போன்ற இலை. இளம்பெண் ஒரு கொத்தை எடுத்து அக்காவின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

“இதுக்கு எங்கட பாஷையில என்ன பேர்? சொல்லு பாப்பம்.”

அக்காவின் கத்தி நின்றது. “பெர்சில்லே.”

“அது நோர்வேச் சொல். எங்கட சொல்லைச் சொல்லு. நாக்கை நல்லா உருட்டோணும்.” சிரித்தாள்.

அக்கா குளிர் அறைக்குள் போய்விட்டாள். நான் பின்னால் போனேன். பால் பெட்டிகளுக்கு நடுவில் நின்று சொன்னாள். அவளுடைய தாயின் தகப்பன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கரும்பு வெட்டியவர். டொமினிக்கன் சர்வாதிகாரியின் ஆட்கள் வந்து இந்த இலையை நீட்டி, அதன் ஸ்பானியப் பெயரைச் சொல்லச் சொன்னார்கள். அதில் வரும் ‘ர’வுக்கு நாக்கு உருளாதவன் ஹெயிட்டிக்காரன். சுடவில்லை, கத்தியால் வெட்டினார்கள். அவருடைய மனைவி கைக்குழந்தையோடு ஆற்றில் இறங்கி, பிணங்களை விலக்கிக்கொண்டு கரையேறினாள்.

நான் என் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். தமிழரைத் தேடி அடித்த கலவரத்தில் கொழும்பில் அவரை மறித்தவர்கள் ஒரு வாளியைக் காட்டி, அதன் சிங்களப் பெயரைக் கேட்டார்கள். கடையில் நின்று சிங்களம் பழகியவர்; பிசகாமல் சொல்லித் தப்பினார். பக்கத்தில் நின்றவருக்குச் சொல் பிசகியது.

“அவருக்கு என்ன நடந்தது?”

“அப்பா திரும்பிப் பாக்கேல்லையாம்.”

“என்ரை அம்மாவின்ரை தகப்பனும் பக்கத்தில நிண்ட ஆள்தான்” என்றாள் அக்கா.

அக்கா மேலாளரிடம் முறையிட்டாள். “ஒரு இலைக்கோ இவ்வளவு கோவம்?” என்று மேலாளர் வியந்தாள். இளம்பெண்ணுக்குக் கண் கலங்கியது. “சின்னனில வீட்டில நாங்கள் விளையாடுறது. வேற ஒண்டும் நினைக்கேல்லை.” அவள் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

மேலாளர் இருவரையும் கட்டிப்பிடிக்கச் சொன்னாள். இளம்பெண் கைகளை அகல விரித்தாள். அக்கா கைகள் தொங்க நின்றாள். மேலாளர் கைதட்டினாள்.

சில வாரங்களில் அக்கா வடக்கே, பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலைக்குப் புறப்பட்டாள். எங்கள் தமிழ் ஆட்கள் குளிர் தாங்காமல் விட்டு வந்த ஊர்.

“அங்கை குளிர் பொல்லாதது அக்கா.”

“மீன் என்னட்டை ஒண்டும் கேக்காது.”

அடுத்த கிழமை அக்காவின் இடத்தில் என்னை நிறுத்தினார்கள். இளம்பெண் எனக்குக் கோப்பி ஊற்றித் தந்தாள்.

“நீங்கள் எந்த நாடு?”

“இலங்கை.”

“அதுவும் தீவோ? கடற்கரை வடிவோ?”

“ஓம்” என்றேன். “நல்ல வடிவு.”

அங்கே ஒருமுறை விடுமுறைக்குப் போகவேண்டும் என்றாள்.