மேற்குச் சன்னலில் தேர்

கேலரி அட்டெண்டராகச் சேர்ந்த அன்று எனக்குக் கிடைத்த இடம் மாடிக்கூடம். புதுக்கோட்டையில் அந்தக் கட்டடம் முதலில் அரச குடும்பத்துக் கிளை ஒன்றின் அரண்மனை. 1948இல் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்த பிறகு சர்க்கார் கச்சேரி, பிறகு கோடவுன், கடைசியில் அருங்காட்சியகம். எந்தச் சுவர் எந்தக் காலத்தில் எழும்பியது என்பதைப் படித்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டேன். சொல்லத்தான் ஆளில்லை. மாடிவரை ஏறுபவர்கள் குறைவு. ஸ்டூலில் உட்கார்ந்து மின்விசிறியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

வருடம் தவறாமல் வந்தவர் ஒருவர்தான். அந்த வீட்டில் பிறந்து, திருச்சியில் தனியாக வாழ்ந்த அம்மையார். தேரோட்டத்தன்று வருவார்.

"எங்க வீட்டுக்குள்ள வர எனக்கே டிக்கெட்டு. நல்லா இருப்பீங்க!"

"இப்ப கவர்மெண்டு வீடும்மா. அஞ்சு மணியானா என்னையே வெளிய தள்ளிருவாக."

நேரே மேற்குச் சன்னலுக்குப் போவார். அரண்மனைப் பெண்கள் தெருவுக்கு வராத காலத்தில் அவருடைய தாயார் அங்கே நின்றுதான் தேர் பார்த்தாராம். தேர் திரும்பி மறையும்வரை அவரும் நிற்பார். நான் ஸ்டூலை விட்டு எழுந்ததில்லை.

ஒரு வருடம், அந்தச் சன்னல் வெயிலில் ஷோகேஸிலிருந்த பட்டு அங்கி வெளுத்திருப்பதைக் காப்பாட்சியர் கவனித்தார்.

"பிளைவுட் வச்சு அடிச்சிருங்க."

அவர் சொன்னது சரிதான். ஆனால் காலண்டரில் தேர் நாளை வட்டமிட்டு வைத்திருந்தேன்.

"சார், ஆணி வேணாம், கீல் போட்டுக்கலாமா? தேரன்னைக்கு மட்டும் தொறக்கலாம். ஷோகேஸ் மேல கறுப்புத் துணி போட்டுர்றேன்."

"யாருக்காக?"

"இந்த வீட்டு அம்மா ஒருத்தவுகளுக்காக."

"ஒரு ஆளுக்காகவா?" சற்று யோசித்தார். "சரி, போடுங்க. வெள்ளையடிக்கிறப்ப கழட்டவும் வசதி."

தேரன்று பலகையைப் பார்த்ததும் அம்மையார் கூடத்தின் நடுவிலேயே நின்றுவிட்டார். "அடைச்சிட்டீங்களா?" என்று கேட்டார்.

கொக்கியை நீக்கிப் பலகையைத் திறந்தேன். மேளச் சத்தம் மாடிக்கு ஏறி வந்தது. அவர் சன்னலின் ஒரு ஓரமாக ஒதுங்கினார்.

"இங்கிட்டு வாங்க. எத்தனை வருசந்தான் ஒத்தையிலேயே பாக்கிறது?"

முதல்முறையாக அந்தச் சன்னலில் நின்று தேர் பார்த்தேன்.

அவர் இப்போது இல்லை. ஓய்வுபெற்ற நானும் தேரன்று டிக்கெட் எடுத்துத்தான் போகிறேன். புதிய அட்டெண்டர் கொக்கியை நீக்கிவிடுகிறார். பழக்கத்தில் ஒரு ஓரமாகவே நிற்கிறேன். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது: எதை அடைக்கச் சொன்னாலும், ஆசாரி ஆணியை எடுப்பதற்கு முன் கீல் இருக்கிறதா என்று கேளுங்கள்.