கீழ்வீட்டுத் தொத்தோவும் என் சம்பல் உரலும்

என் கணவர் அருளுக்குப் பாரிசவாதம் வந்த வருடம் நான் ஆண்டவரோடு நிறையச் சண்டை பிடித்தேன். உள்ளதைத்தான் சொல்கிறேன், செபக்கூட்டத்துச் சகோதரங்கள் கோவிக்கக்கூடாது. பலெர்மோவில் லிபெர்த்தாப் பக்கம் ஒரு வயதான இத்தாலிய அம்மாவை, சிஞ்ஞோராவை, பார்த்துக்கொள்வது என் வேலை. அவவைக் குளிப்பாட்டி, ஊட்டி, கைபிடித்து நடத்துவேன். அந்த நேரம் முழுக்க சீசாப் பகுதியில் எங்கள் வீட்டில், மூன்றாம் மாடியில், என் மனுசன் தனியே. இடது கால் இழுபடும். பேச்சுக் குழறும். விழுந்தால் கூப்பிடக் குரல் வராது. மற்றவர் வீட்டு நோயாளிக்கு நான் காவல், என் வீட்டு நோயாளிக்கு ஆளில்லை. வேலையை விடவும் வழியில்லை. பஸ்சில் செபமாலை சொல்லும்போது கண்ணீர் தன்பாட்டில் வடியும்.

"மாதாவே, நான் இல்லாத நேரம் அவர் விழுந்தா, அதை அறியக்கூடிய ஒரு ஆளைக் கிட்ட வையுங்கோ." இதுதான் என் மன்றாட்டு. வேறு எதுவும் கேட்கவில்லை.

அப்படி ஒரு ஆள் வர இடமும் இருந்தது. எங்களுக்கு நேர்கீழே உள்ள சின்ன வீடும் எங்களுடையது. நல்ல காலத்தில் மகளுக்கென்று வாங்கினோம். அவள் கலியாணம் முடித்து மிலானுக்குப் போய்விட்டாள். எங்கள் பங்குக் கோயிலுக்கு வருகிற ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு வாடகைக்குக் கொடுத்தால் இவரை இடைக்கிடை எட்டிப் பார்ப்பார்கள் என்று கணக்குப் போட்டேன். ஒருவரும் அமையவில்லை. அதற்கு முன்பு இருந்த இரண்டு மாணவிகளும் என்னால்தான் ஓடினார்கள். வேலைக்குப் போகமுன் நான் தேங்காய்ச் சம்பல் இடிப்பேன். மிக்சியில் அடித்த சம்பல் அருளுக்கு இறங்காது. ஊரிலிருந்து கொண்டுவந்த கல்லுரலை நிலத்தில் வைத்து இடித்தால் கட்டடத்துக்கே தெரியும். அந்தப் பிள்ளைகள் கீழிருந்து வீடு கூட்டுகிற தும்புத்தடியால் கூரையில் இடித்து எதிர்ப்புக் காட்டினார்கள். ஒருநாள் மேலே வந்து, "சிஞ்ஞோரா, தெர்ரெமோத்தோ!" என்று கத்தினார்கள். பூமி அதிர்கிறதாம். பிறகு வீட்டைக் காலி பண்ணிவிட்டார்கள்.

அந்த நேரம்தான் கொமூனேயிலிருந்து, அதாவது நகரசபையிலிருந்து, சமூகசேவைப் பெண் ஒருவர் வந்தார். ஒரு வயதானவருக்கு வீடு தேடுகிறாராம். வாடகையில் பெரும்பங்கை நகரசபை நேரே எங்களுக்கு அனுப்பும், மிச்சத்தை அவர் தருவார். பல வீட்டுக்காரர் "கொமூனே" என்ற சொல்லைக் கேட்டதுமே கதவைச் சாத்திவிட்டார்களாம். ஆளின் பெயர் தொத்தோ. ஸ்ஃபெர்ராகவால்லோவில் மீன் சாப்பாட்டுக்கடைகளில் பாத்திரம் கழுவினவர். மனைவி இறந்துவிட்டார். இவ்வளவும் சொல்லிவிட்டுக் கடைசியில்தான் சொன்னார், அவருக்குப் பிறவியிலேயே காது கேட்காது என்று.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அன்றிரவு மாதா படத்துக்கு முன்னால் நின்று, "அவர் விழுந்தா அறியிற ஆளைத்தானே கேட்டனான்? காது கேக்காத ஆளை அனுப்பிறியளே!" என்று கேட்டேவிட்டேன்.

செபக்கூட்டத்து ரீற்றா சும்மா இருப்பாவா? "ஸ்டெல்லாக்கா, உங்களுக்கென்ன விசரே? கொமூனேயின்ரை ஆக்களை எடுத்தா பிறகு வீட்டை விட்டு எழுப்பேலாது" என்றா. பயம் பிடித்தது. ஆனால் என் புத்தி வேறு பக்கம் ஓடியது. கதவு தட்டினால் அந்த மனுசனுக்கு எப்படித் தெரியும்? காலையில் எப்படி எழும்புவார்? ஏதாவது கருகினால்? எல்லாவற்றையும் அந்தச் சமூகசேவைப் பெண்ணிடமே கேட்டேன். மணியை அழுத்தினால் வீட்டுக்குள் லைற் மின்னும் என்று சிரித்தார். கதிரையில் இருந்த அருள் ஒவ்வொரு சொல்லாக எடுத்துச் சொன்னார்: "எங்களுக்கும்... முதல்... ஒருத்தரும்... வீடு தரேல்லை." அப்போதே சம்மதம் சொன்னேன்.

தொத்தோ வந்தார். உயரமான, வெட்கப்படுகிற மனுசன். லைற் மின்னுகிறதா என்று பார்க்க நான் மணியை அழுத்தினேன். பிறகு இன்னொருமுறையும் அழுத்தினேன். மற்றவர்களின் வாயசைவைப் பார்த்து விளங்கிக்கொள்வார். என் இத்தாலியன் மட்டும் பிடிபடவில்லை. சிஞ்ஞோராவுக்கே பிடிபடாது, அவரைச் சொல்லி என்ன? கைபேசியில் எழுதிக் காட்டிப் பேசினோம். ஒரு நன்மை கண்டேன். இனிமேல் ஆசைதீரச் சம்பல் இடிக்கலாம். கேட்காத மனுசனுக்கு என்ன தெரியப்போகிறது?

தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்று. சிஞ்ஞோராவுக்கு சூப் ஊட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் எதிர்வீட்டுப் பீனா போன் எடுத்தா. அருள் விழுந்துவிட்டார், அம்புலன்ஸ் வந்துவிட்டது, உடனே வா என்றா. எப்படி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. மூளையில் திரும்பவும் இரத்தம் அடைத்திருந்தது. நேரத்துக்குக் கொண்டுவந்தபடியால் மருந்து ஏற்ற முடிந்தது, பிந்தியிருந்தால் கைவிட்டுப் போயிருக்கும் என்றார் டொக்டர்.

பீனாவைக் கட்டிப்பிடித்து அழுதேன். அவ என்னை விலக்கிவிட்டா. "எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை, நான் ரிவி பார்த்துக்கொண்டிருந்தேன். தொத்தோதான் செருப்பும் இல்லாமல் மேலே ஓடிவந்தார். உன் கதவை இடித்தார், என் கதவை இடித்தார். என் சட்டைக்கையைப் பிடித்து இழுத்தார். உன் வீட்டுத் திறப்பு என்னிடம் இருந்ததால் திறந்தோம்" என்றா.

எப்படி? அந்தக் கேள்வி என்னை விடவேயில்லை. ஆஸ்பத்திரிக் கதிரையில் செபமாலை கையில் இருக்கும், வாய் அருள்நிறைந்த மரியே சொல்லும், மனம் மட்டும் எப்படி, எப்படி என்று நிற்கும்.

அருள் பிழைத்து, வீட்டுக்கு வந்து, பொல்லூன்றி நடக்கத் தொடங்கிய பிறகு நான் கீழே போனேன். "எப்படித் தெரிந்தது?" என்று எழுதிக் காட்டினேன். தொத்தோ பதில் எழுதவில்லை. சமையலறைக்குள் கூட்டிப்போய், சுவரோடு ஒட்டிய மேசையில் என் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு மெல்லிய ஒரு தட்டு. அதன்பின் ஒரு இழுவை. திரும்பவும் தட்டு, இழுவை. அது என் மனுசனின் பொல்லு. அது அவருடைய இடது கால். கண்ணை மூடினேன். அவர் யன்னல் பக்கம் போகிறார் என்றுகூடச் சொல்லக்கூடியதாக இருந்தது.

அன்றைக்கு நடந்ததைத் தொத்தோ கையால் காட்டினார். விரலால் தட்டு, தட்டு. பிறகு பொத்தின கையால் ஒரே குத்து. பிறகு கையை விரித்தார். ஒன்றுமில்லை. காத்திருந்தும் ஒன்றுமில்லை. அதனால்தான் ஓடினார்.

அதோடு விடாமல், சிரித்துக்கொண்டே உலக்கை இடிக்கிறமாதிரியும் செய்து காட்டினார். ஐயோ, எனக்கு நிலம் பிளந்து உள்ளே போகலாம் போலிருந்தது. இவ்வளவு நாளும் அந்த மனுசனின் கட்டிலையே ஆட்டியிருக்கிறேன்! "மன்னியுங்கள், இனி இடிக்கமாட்டேன்" என்று அவசரமாக எழுதினேன். அவர் தலையை ஆட்டி, கைபேசியைப் பறித்து எழுதினார்: "நிறுத்தாதீர்கள். மனைவி போனபிறகு என்னை எழுப்புவது அதுதான். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இடிப்பதில்லை. அன்றைக்குத்தான் நான் தனியாக இருக்கிறேன்."

அந்தச் சமையலறையில் நின்று நான் வாய்விட்டு அழுதேன்.

அறியக்கூடிய ஆளைத்தான் கேட்டேன், அறியக்கூடிய ஆளையே ஆண்டவர் தந்திருக்கிறார். நான்தான் அந்த ஆளுக்குக் காது கேட்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். காலில் செருப்பில்லாமல், பலெர்மோவின் பாதுகாவலியான புனிதை சாந்தா ரொசாலியாவின் மலைக்கு ஏறி நன்றி சொன்னேன். அருளின் பேரோடு தொத்தோவின் பேரையும் சொன்னேன். ஆண்டவரோடு சண்டை பிடிப்பதும் குறைந்திருக்கிறது. அடியோடு நின்றுவிட்டது என்று சொன்னால் அருள் சிரிப்பார்.

சகோதரங்களே, உங்கள் தேவையை அவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். ஆளைத் தெரிவு செய்கிற வேலையை அவரிடமே விடுங்கள். உங்களில் வீடு வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள். கொமூனேயின் உதவியோடு ஒருவர் வாசலில் வந்து நின்றால், சாத்துவதற்கு முன் அவரைப் பற்றி விசாரியுங்கள். என்னைப்போல் ஆயிரம் கேள்வி கேட்டாலும் பிழையில்லை. யார் கண்டது, நீங்கள் செபித்துக் கேட்ட ஆளே அவராக இருக்கலாம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமையும் பூசைக்கு வெளிக்கிடமுன் உரலை நிலத்தில் வைக்கிறேன். அன்றைக்குச் சம்பல் இல்லை, வெறும் உரல்தான். ஓங்கி ஒரு இடி. உடனே கீழிருந்து தும்புத்தடி கூரையில் இடிக்கும். அருள் தன் பொல்லால் நிலத்தில் ஒரு தட்டுத் தட்டுவார். பிறகு நான் கதவைப் பூட்டி, திறப்பைப் பீனாவிடம் கொடுத்துவிட்டு, பயமில்லாமல் கோயிலுக்குப் போவேன்.