குளிர் ஊரில் வெயிலை அளந்தது

மலையகத்து அக்கரப்பத்தனையில் வெயிலை அளக்கப்போகிறேன் என்றதும் பல்கலைக்கழகத்தில் என் துறைக்காரர்கள் சிரித்தார்கள். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போகிற ஊரில் என்ன வெயில்? என் ஆய்வை மேற்பார்வை செய்த பேராசிரியர் சிரிக்கவில்லை. கொழும்பில் அளவீடு இருக்கிறது, செய்மதித் தரவும் இருக்கிறது, மலைக்கு ஏன் போகவேண்டும் என்று மட்டும் கேட்டார்.

என்னிடம் பதில் இருந்தது. ஊர் குளிர்வதால் வெயிலில் வருகிற கழியூதாக் கதிர், அதாவது புற ஊதாக் கதிர், குறைந்துவிடாது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் ஓசோன் படை மெல்லியது. நடுப்பகலில் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் நிற்கும். மலையில் காற்றும் மெலிந்துவிடும். இந்த மூன்றும் சேர்கிற இடத்தில்தான் கொழுந்து பறிக்கிற பெண்கள் காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுத்து முடிந்ததிலிருந்து மாலை வரை நிற்கிறார்கள். அம்மாவும் அப்படி நின்றவர். ஐம்பது வயதாகுமுன்பே அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. வெயிலால்தான் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. இல்லை என்று சொல்லவும் என்னால் முடியவில்லை. முதலில் அளக்கவேண்டும்.

தோட்டப் பாடசாலையின் கூரையில் கருவியை வைக்க அதிபர் சம்மதித்தார். கைக்குள் அடங்குகிற ஒரு குவார்ட்ஸ் கண்ணாடிக் குமிழ், அதற்குள் கதிரை உணரும் பகுதி, அங்கிருந்து கம்பி வழியாக வகுப்பறை அலமாரியில் ஒரு பதிவுப் பெட்டி. மாதம் ஒருமுறை கண்டியிலிருந்து பஸ் ஏறி, ஹட்டனில் மாறி வந்து தரவை எடுத்துப் போவேன்.

எட்டு மாதத் தரவை ஒன்றாக அடுக்கிப் பார்த்தேன். அளவு மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வந்திருந்தது. மேகம் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். ஆனால் வானம் தெளிந்திருந்த நாட்களிலும் அதே சரிவு.

மறுநாளே சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். பாடசாலையைக் கூட்டித் துடைத்து மணி அடிக்கிற அக்கா, ஏணியில் நின்று குமிழைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“வாங்க மிஸ்! இன்னைக்கு வருவீங்கன்னு சொல்லவே இல்லியே!”

“அக்கா, இத தெனமும் தொடைக்கிறீங்களா?”

“பின்ன? பனியில மங்கிப் போகுதுங்க. ஜன்னலுக்குப் போடுற மாதிரி கொஞ்சம் மண்ணெண்ண தொட்டுத் தொடச்சா பளபளன்னு இருக்கு, பாருங்க.”

பளபளவென்றுதான் இருந்தது, நம் கண்ணுக்கு. கழியூதாவுக்கோ அந்த எண்ணெய்ப் படலம் ஒரு திரை.

விஷயத்தைச் சொன்னேன். அவர் ஏணியிலிருந்து இறங்கித் துணியைக் கீழே வைத்தார்.

“அப்ப எட்டு மாசமா நான்தான் கெடுத்துக்கிட்டு இருந்தேனா? யாரும் ஒரு வார்த்த சொல்லலியே மிஸ்.”

உண்மைதான். யாரும் தொடக்கூடாது என்று அதிபரிடம் சொல்லியிருந்தேன், ஆசிரியர்களிடமும் சொல்லியிருந்தேன். தினமும் கூரைக்கு ஏறுகிற ஒரே ஆளிடம் சொல்லவில்லை. தவறு என்னுடையது.

கணக்குப் போட்டுத் திருத்திப் பார்க்கலாமே என்றார் பேராசிரியர். எந்த நாளில் எவ்வளவு எண்ணெய் படிந்திருந்தது என்று யாருக்குத் தெரியும்? எட்டு மாதத்தையும் நீக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். அக்காவிடம் காய்ச்சி வடித்த நீரும் மெல்லிய துணியும் எழுத ஒரு கொப்பியும் கொடுத்தேன்.

“மணி அடிக்கிறப்பல்லாம் மேல பாத்து, வானம் எப்புடி இருக்குன்னு எழுதுவீங்களா?”

“எனக்கு எழுத்து அவ்வளவா வராதுங்களே.”

“வர்ற மாதிரி எழுதுங்க, போதும்.”

எழுதினார். பாடசாலை விடுமுறையிலும் லயத்து வீட்டிலிருந்து ஏறி வந்து எழுதினார்.

புதிய தரவில் வேறொரு சிக்கல் வந்தது. சில நாட்களில் அளவு, மேகமே இல்லாத நாளைவிட மேலே போயிருந்தது. கருவிக் கோளாறு, அந்தப் புள்ளிகளை எடுத்துவிடுங்கள் என்றார் பேராசிரியர். நான் கொப்பியை அவர் மேசையில் விரித்தேன். அந்த நாட்களிலெல்லாம் கோணல் எழுத்தில் ஒரே வரி: “வெள்ள மேகம். சூரியன மறைக்கல.” நேர் வெயிலோடு, மேகத்தின் பிரகாசமான ஓரங்கள் சிதறடித்த ஒளியும் சேர்ந்து கருவியில் விழுந்திருக்கிறது. பேராசிரியர் அரைநாள் உட்கார்ந்து ஒவ்வொரு நாளாக ஒப்பிட்டார். பிறகு, “ஒன்றையும் எடுக்காதீர்கள்,” என்றார்.

கட்டுரை வெளிவந்தது. அதைத் தூக்கிக்கொண்டு, கொழுந்து பறிக்கிற பெண்களுக்கு வெயில் மறைப்பு கேட்டு, தோட்டத்தை நிர்வகிக்கிற துரையிடம் மூன்று முறை போனேன். மூன்றாம் முறை, ஒரு மலையில் வேலை செய்கிற பெண்களுக்கு மட்டும் அகல விளிம்புத் தொப்பி கொடுத்துப் பார்க்கச் சம்மதித்தார். தொப்பியை வாங்கிப் பார்த்த பெண் ஒருத்தி கேட்டாள்: “கொழுந்துக் கூடக் கயிறு தலையிலதான மாட்டுறோம்? தொப்பி எங்கங்க மிஸ் நிக்கும்?”

ஓசோன் படையைப் பற்றி அத்தனை படித்த எனக்கு அது தோன்றவில்லை. இப்போது ஹட்டனில் ஒரு தையல்காரரோடு உட்கார்ந்து, கயிற்றுக்கு இடம் விட்டுத் தைத்துப் பார்க்கிறோம். இரண்டு மாதிரி சரிவரவில்லை. மூன்றாவது அடுத்த வாரம் வருகிறது. பொகவந்தலாவைத் தோட்டமொன்றில் இன்னொரு கருவியையும் வைத்திருக்கிறேன். இந்த முறை கூரையில் இல்லை. தேயிலைச் செடிகளுக்கு நடுவே, கொழுந்து பறிக்கிறவர்களின் முகம் இருக்கும் உயரத்தில்.