டி-ஷர்ட்டில் நான் விட்ட தேதி

சென்னை பாடியில் ஒரு கானா குழு விற்கும் டி-ஷர்ட், தொப்பிகளையும் அவற்றின் கேட்லாக்கையும் நான் வடிவமைத்தேன். டி-ஷர்ட்டின் முதுகில் அவர்களுடைய கச்சேரிகளைத் தேதிவாரியாக அடுக்கினேன். முதல் கச்சேரி ஒரு சாவு வீட்டில் நடந்தது. வாங்குபவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று, யாரையும் கேட்காமல் அதை நீக்கிவிட்டேன்.

மாதிரியைப் பார்த்த பாடகர் சிரித்தார். "இன்னா அண்ணாத்தே, நீ தேதில புலின்னாங்கோ. மொத நாளயே காணோம்?"

"சாவு வீட்டை முதுகுல யாருப்பா போட்டுக்குவாங்க?"

"நான் போட்டுக்குவேன். அன்னிக்குப் போனது எங்க நைனா. அவருக்குத்தான் மொதல்ல பாடுனேன்."

அந்த நாளை முதல் வரியில் சேர்த்தேன். பல ஆண்டுகளாக நாட்குறிப்பு எழுதுகிறேன்; தேதியில் புலி என்ற பெயர் அதனால் வந்ததுதான். நாகரிகம் கருதி அதில் நான் விட்ட நாட்கள் யார் யாருடையவையோ, தெரியவில்லை.