கொஞ்சம் தள்ளி நில்லுங்க

போன மாதம் பல் டாக்டரிடம் போயிருந்தேன். கடைவாய்ப் பல். பயப்படாதீர்கள்... அதைப் பற்றி எழுதி உங்கள் பல்லையும் கூசவைக்கப் போவதில்லை.

காத்திருக்கும் இடத்தில் ஒரு டிவி. சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். பழைய கார்ட்டூன் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கரடி, ஒரு ஆடு. இரண்டுக்கும் ஆகாது. பனிமலை உச்சியில் யார் முதலில் கொடி நடுவது என்று போட்டி. கரடி ஏறும் கயிற்றை ஆடு அறுக்கிறது. ஆடு கால் வைக்கும் பாறையைக் கரடி உருட்டி விடுகிறது. ஒரு கட்டத்தில் கரடி, ஆத்திரத்தில் மலை முடிந்ததுகூடத் தெரியாமல் வெறும் காற்றில் நடந்து போகிறது. நடக்கிறது... நடக்கிறது... குனிந்து பார்த்த பிறகுதான் விழுகிறது! அப்பளமாய் நசுங்கி, எழுந்து, உதறிக்கொண்டு மறுபடி ஏறுகிறது.

வலியோடு வலியாகச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டுக்காரரும் சிரித்தார். பிறகு என் பக்கம் குனிந்து, "அந்தக் கரடி அப்படியே உங்க அண்ணன்தான்ட்டி" என்றார்.

அதற்குள் என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். கொடி நட்டது யாரென்று பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

மறுநாள் வீட்டுக்கு வந்த அண்ணனிடம் இந்தக் கார்ட்டூன் கதையைச் சொன்னேன். கரடி விஷயத்தை மட்டும் மறைத்துவிட்டேன். அண்ணன் ரசித்துக் கேட்டுவிட்டு, அந்த ஆடு யாரென்று தனக்குத் தெரியும் என்றார். கண் எங்கள் வீட்டுக்காரர் பக்கம் போனது.

இவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. என் மூத்த மகள் கல்யாணத்திலிருந்து.

என்ன நடந்தது என்கிறீர்களா? சொன்னால் சிரிப்பீர்கள். மேடையில் குடும்ப போட்டோ எடுத்தார்கள். தாய்மாமன் என்ற முறையில் அண்ணன் கழுத்தில் மாலையோடு மணமக்களை ஒட்டி நின்றார். பின்னால் நின்ற மாப்பிள்ளையின் அப்பாவை அவர் மறைத்தார். எங்கள் வீட்டுக்காரர், "மச்சான், கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார். அவ்வளவுதான்! அண்ணன் மாலையைக் கழற்றி நாற்காலியில் போட்டார். மேடையை விட்டு இறங்கினார். பந்தியில் கை நனைக்காமல் போய்விட்டார்.

தாய்மாமனைப் பார்த்துத் தள்ளி நில் என்று சொல்லலாமா? சொல்லலாம், போட்டோவுக்காக. ஆனால் நானூறு பேர் பார்க்க, மைக் பக்கத்தில் இருக்கும்போது சொல்லக் கூடாது. மண்டபம் முழுக்கக் கேட்டுவிட்டது.

அதற்காக அண்ணன் எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்தவில்லை. தங்கச்சி வீடாயிற்றே... அது தனி உரிமை. ஹாலில் உட்காருவார். எதிரே எங்கள் வீட்டுக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். "வண்டிய வெயில்ல நிப்பாட்டிருக்காவ, சீட்டு சுடும்னு அவியகிட்ட சொல்லு" என்பார் அண்ணன். "தெரியும்னு அவியகிட்ட சொல்லு" என்பார் இவர். கையை நீட்டினால் ஒருத்தரை ஒருத்தர் தொடலாம். நடுவில் நான் ஒரு தபால்காரி.

சமையற்கட்டில் இருந்தாலும் விடமாட்டார்கள். கரண்டியோடு வந்து நிற்பேன். சொல்வதைக் கேட்டு, அதையே திருப்பிச் சொல்லிவிட்டுப் போவேன். என்ன பிழைப்பு இது? எத்தனையோ நாள் எனக்கு அழுகையே வந்திருக்கிறது. புருஷனையும் விட முடியாது, கூடப் பிறந்தவரையும் விட முடியாது.

இந்த லட்சணத்தில் இரண்டு பேருக்கும் சர்க்கரை. நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். கோவில்பட்டியில் காலையில் நடக்க எத்தனை ரோடு இருக்கிறது? இவர்களுக்கு ஊரை ஒட்டிய கோயில் மலைதான் வேண்டும். மலை என்று நாங்கள்தான் சொல்லிக்கொள்கிறோம். வெளியூர்க்காரர்கள் பார்த்தால் மேடு என்பார்கள். சுற்றிலும் தட்டையாகக் கிடக்கும் கரிசல் பூமியில் அது எங்களுக்கு மலை.

மேலே போய்ச் சேர்ந்ததும் கோயில் மணியை அடிப்பது வழக்கம். யார் முதலில் அடிப்பது என்பதுதான் போட்டி. வாய்விட்டு யாரும் சொன்னதில்லை. பிந்தி வருகிறவருக்குப் பாதிப் படியில் மணிச் சத்தம் கேட்டால் முகம் சுண்டிவிடும். "சாமி கும்பிடப் போகல, மணி அடிக்கதுக்குன்னே போறாவ போலுக்கு" என்று என்னிடம் முனகுவார் இவர். நானும் கூடவே மூச்சு வாங்க ஏறுவேன். வழியில் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் ஆள் வேண்டாமா?

இரண்டு வாரத்துக்கு முன்னால் அப்படி ஏறிக்கொண்டிருந்தோம். படிக்கட்டு ஓர் இடத்தில் வண்டிப் பாதையைக் குறுக்கே கடக்கும். அங்கே அண்ணன் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார். பார்த்ததும் வேண்டுமென்றே முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். பாதையில் சற்று மேலே கோயில் வேலைக்குத் தண்ணீர் கொண்டுவந்த டிராக்டர், டேங்கரோடு நின்றது. டிரைவர் இறங்கி எங்கோ போயிருந்தார். சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்திருந்தார்.

அந்தக் கல் நழுவிவிட்டது.

இன்ஜின் ஓடவில்லை, அதனால் சத்தமும் இல்லை. டேங்கர் மெதுவாகப் பின்னால் உருண்டு வருகிறது. எங்களுக்கு முகத்தைக் காட்டக் கூடாதென்று அண்ணன் திரும்பி நின்றாரே... டேங்கர் வந்ததோ அவர் கண்ணில் படாமல், முதுகுப் பக்கமாக. எங்கள் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். பார்த்தவர் என்ன செய்தார் தெரியுமா? திரும்பி என்னைத் தேடினார்! நான் இருபது படி கீழே, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

"ஏட்டி, உங்க அண்ணன்கிட்ட..."

சொல்ல ஆரம்பித்தவர் அப்படியே நின்றார். அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். தான் காற்றில் நடந்துகொண்டிருப்பதைக் குனிந்து பார்த்த கரடியின் முகம் அது.

சட்டென்று அண்ணன் பக்கம் திரும்பி, அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

"மச்சான், தள்ளி நில்லுங்க!"

அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரே தாவலில் படிப்பக்கம் வந்து விழுந்தார். டேங்கர் அவர் நின்ற இடத்தைக் கடந்து, ஓரத்துக் கல்சுவரில் இடித்து நின்றது. குழாய் உடைந்து தண்ணீர் படியெல்லாம் கொட்டியது. நான் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். பூ விற்கிற அம்மா மட்டும் ஓடிப்போய் வாளியைக் கொண்டுவந்து குழாயடியில் வைத்தார். எங்கள் ஊரில் தண்ணீர் வீணாகப் போவதைப் பார்க்க யாருக்கும் மனசு வராது.

இரண்டு பேரும் தொப்பலாக நனைந்து ஒரே படியில் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணனின் முழங்கையில் சிராய்ப்பு. அதை இவர் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். நான் மெல்ல ஏறிப் போய்ச் சேர்ந்தேன். அண்ணன்தான் பேச்சை ஆரம்பித்தார். என்னைப் பார்க்காமல், நேராக அவரிடம்.

"அன்னைக்கு மேடையில டேங்கர் ஒண்ணும் வரலையே மாப்ள."

எங்கள் வீட்டுக்காரர் துண்டைப் பிழிந்தார்.

"வரல மச்சான். அன்னைக்கு நான் அப்படிச் சொல்லிருக்கப்படாது."

அவ்வளவுதான் பேச்சு. இதற்கா இத்தனை காலம்? எனக்கு ஆத்திரமாகவும் வந்தது, கண்ணீரும் வந்தது. கார்ட்டூனில் நசுங்கினவன் எழுந்து உதறிக்கொள்வான். டேங்கர் அடியில் போயிருந்தால் அண்ணன் எழுந்திருப்பாரா? கோபித்துக்கொள்கிறவர்களெல்லாம் அடுத்த காட்சியில் எழுந்துவிடலாம் என்ற நம்பிக்கையில்தான் கோபித்துக்கொள்கிறார்களோ என்னவோ.

அன்று மணி அடிக்க யாரும் மேலே போகவில்லை.

இப்போது இரண்டு பேரும் சேர்ந்தே ஏறுகிறார்கள். பேச்சு... பேச்சு... அப்படி ஒரு பேச்சு! விட்டதையெல்லாம் சேர்த்துப் பேசுகிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை உச்சியில் செல்ஃபி எடுத்தார்கள். கல்யாணத்தில் எடுக்காத போட்டோவாம். தோளில் கை போட்டு, தலையோடு தலை முட்டி நின்றார்கள். பார்க்க மனசு நிறைந்தது. நானும் ஆசையாகப் பின்னால் போய் நின்று எட்டிப் பார்த்தேன்.

"ஏட்டி, கொஞ்சம் தள்ளி நில்லு" என்றார்கள், இரண்டு பேரும் ஒரே குரலில்.

அன்றிலிருந்து நான் அவர்களோடு பேசுவதில்லை. எனவே வாசகர்களே, ஒரு சின்ன உதவி... காபி ஆறிப்போகுதுன்னு அவியகிட்ட சொல்லிருங்க.