மாணவி என்று எழுதாதீர்கள்

கனடாவில், வின்னிபெக் பல்கலைக்கழக மண்ணியல் ஆய்வகத்தில், முதுகலை படித்துக்கொண்டே இரண்டு வருடம் சம்பளத்துக்குப் பாடம் நடத்தியவள் ஈரான்காரி மாஹ்ரோக். அந்த அனுபவத்தைக் காட்டி நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்க, பேராசிரியர் ஹால்டர்சனிடம் கடிதம் கேட்டாள். மனிதர் உருகி உருகி எழுதினார்: ‘இவளைப்போல ஒரு மாணவியை நான் பார்த்ததில்லை.’ வேறு யாராயிருந்தாலும் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பார்கள். மாஹ்ரோக் அதை அவர் மேஜையிலேயே திருப்பி வைத்தாள்.

“மாணவின்னு எழுதினா குடியேற்ற அலுவலகத்துல எல்லாத்தையும் படிப்புன்னு சொல்லி, வேலைக் கணக்குல சேர்க்க மாட்டாங்க, புரொபசர். என்ன வேலை, எத்தனை மணி நேரம், என்ன சம்பளம்னு எழுதுங்க.”

“இவ்வளவு புகழ்ந்திருக்கேனேம்மா, ஒரு வரியாவது இருக்கட்டுமே?”

“புகழ்ச்சிய நேர்ல சொல்லுங்க, ஆசையா கேட்டுக்கறேன். கடிதத்துல நான் உழைச்சது இருந்தா போதும்.”

ஹால்டர்சன் அந்த ‘மாணவி’ வரியை அடித்துவிட்டு, ‘எங்களோடு வேலை பார்த்தவர்’ என்று தொடங்கி, வேலை, நேரம், சம்பளம் எல்லாவற்றையும் எழுதினார்.