வருஷத்துக்கு ஒரு காசு

பதுளையில் எங்கள் நகைக்கடைக்கு அவர் வருஷத்துக்கு ஒரு முறைதான் வருவார். கொஸ்லந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கிளாக்கர். கழுத்துப் பித்தான்வரை பூட்டிய சட்டை, ஒல்லி உடம்பு. உருக்குவதற்கு வரும் பழைய செம்பில் சோழர் காலக் காசு கிடந்தால் ஒன்றே ஒன்று வாங்குவார். அதைத் தேய்த்து, செம்பு வாசம் வருகிறதா என்று விரலை முகர்ந்து பார்த்த பிறகுதான் பேச்சு.

கடைசியாக வந்தபோது, இந்தியாவுக்குப் போகப் பாஸ்போர்ட் வந்துவிட்டதென்றார். காசுகள் நிறைந்த சிகரெட் டின்னை மேசையில் வைத்தார்.

“கொண்டு போகக்கூடாதாம், முதலாளி. பழங்காசு இலங்கை நாட்டுச் சொத்தாம்.”

“சோழன் காசு அங்கேயிருந்து வந்ததுதானே, ஐயா?”

“ஆமாங்க. அங்கேருந்து வந்த காசு இந்த நாட்டுது. கொஸ்லந்தயில பொறந்த நான், ரெண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தத்தால, அந்த நாட்டுக்காரன். போகாம இருக்கவும் வழியில்லீங்க, தோட்டத்து வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க.”

டின்னைத் திறந்து பார்த்தேன். அவர், “இந்த வருஷம் ஏதாச்சும் வந்திருக்குங்களா?” என்று கேட்டார்.

இருந்த ஒன்றைக் கொடுத்தேன். தேய்த்தார், முகர்ந்தார், விலையைக் கொடுத்தார். காசை டின்னில் போட்டு மூடி, என் பக்கம் தள்ளிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பினார்.

டின் இன்னும் என் மேசை லாச்சியில்தான் கிடக்கிறது. உருக்கக் கை வரவில்லை. விட்டுப் போகத்தான் வேண்டுமென்று தெரிந்தும், அந்தக் கடைசிக் காசை அவர் எதற்கு வாங்கினார்?